எட்டு டன் சலங்கை: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 2, திங்கள் – சேலம்

தைப்பூசத்துக்கு மறுநாள் இந்தப் பக்கம் பஸ் ஏறியது எங்களுக்குத் தேவையில்லாத வேலை. நாமக்கல்லில் ஏறிய பழனிக் கூட்டத்தில் ஒருவர் நாலடி வேல் ஒன்றை நட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அது சித்தப்பாவின் காதை உரசிவிட்டுப் போனது. "முருகா, கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார் சித்தப்பா. வேல்காரர் கோபப்படாமல் பஞ்சாமிர்த டப்பாவை நீட்டினார். அவர் சட்டையில் இன்னொரு வேல் குத்தியிருந்தது. அதே வடிவம்தான், ஒரு விரல் நீளம்.

நான் கிளம்பி வந்ததே இந்த விஷயத்துக்காகத்தான். திருச்சியில் அப்பா விட்டுப்போன கிரில் பட்டறையை நடத்துகிறேன். ஜன்னல் கம்பி, கேட், மாடிப்படிக் கைப்பிடி. அண்மையில் ஒரு பெண்கள் பள்ளியின் பழைய மாணவிகள் வந்தார்கள். நடனத்தில் பேர் வாங்கிய பள்ளி. தெருமுக்கில் வைக்க ஒரு சலங்கை மணி வேண்டுமாம். கொத்தாக இல்லை, ஒரே மணி. ஆறரை அடி விட்டம். கூடவே ஒரு நிபந்தனை: ஆட்டினால் சத்தம் வர வேண்டும். எப்படிச் செய்வேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் முன்பணம்.

எனக்கு கேட் தெரியும், மணி தெரியாது. நகத்தளவு பொருளிலிருந்து லாரி அளவு பொருள் வரை உலோகத்தில் செய்கிற ஊர்கள் கொங்கில்தான் அடுத்தடுத்து இருக்கின்றன, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார் சித்தப்பா. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யோசனை சொன்னவரையே துணைக்கு இழுத்துக்கொண்டேன்.

சேலம் கொலுசு என்றால் பெரிய தொழிற்சாலை இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரம் பக்கமும் வீடுகள்தான் பட்டறை. ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், அடுத்த வீட்டில் கண்ணி கோப்பார்கள், இன்னொரு வீட்டில் மெருகு ஏற்றுவார்கள். ஒரு ஜோடி கொலுசு கடைக்கு வருவதற்குள் பல வாசல்படி ஏறி இறங்கிவிடும்.

எங்களை உள்ளே விட்ட அக்கா மணி செய்கிறவர். வெள்ளித் தகட்டில் வெட்டிய சின்னப் பொட்டு ஒன்றை எடுத்து, குழி குழியாக இருக்கும் கட்டையில் வைத்து, உருண்டைத் தலை கொண்ட உளியால் ஒரு தட்டு. பொட்டு கிண்ணமாகிவிட்டது. இன்னொரு தட்டு, இன்னொரு கிண்ணம். ஒன்றில் வாய் கீறி, உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஓர் இரும்புக் குண்டு போட்டு, இரண்டையும் வாயோடு வாய் சேர்த்து, விளிம்பில் பொடி வைத்துத் தீயைக் காட்டினார். பொடி உருகி, விளிம்பைச் சுற்றி ஒரு மின்னல் ஓடி, ஆரம்பித்த இடத்திலேயே வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், மணி.

"ஒரு நொடி கூட வெச்சா கிண்ணமே உருகிடும்க்கா. கம்மியா வெச்சா பொடி ஓடாது" என்றார். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் கல்யாணக் கொலுசைக்கூட மெல்லிசாகக் கேட்கிறார்களாம். மெல்லிசு ஆக ஆக தீ காட்டும் நேரமும் குறைகிறது. கூலி மட்டும் அதே கூலி.

சித்தப்பா பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். மணி ஒரு சென்டிமீட்டர். தகடு 0.3 மில்லிமீட்டர். அக்கா வீட்டுத் தராசில் எடை சரியாக ஒரு கிராம். ஒரே ஒரு மணியை விலைக்குக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு. வெள்ளிக்கு அன்றைய விலையும், கூலியாக இருபது ரூபாயும் வாங்கிக்கொண்டு ஒரு தாளில் மடித்துக் கொடுத்தார்.

ராத்திரி தட்டுவடை செட். நாற்பது ரூபாய். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட், கேரட் துருவலும் இரண்டு வகைச் சட்னியும். சேலத்துக்காரர்கள் இதை ஏன் வெளியூருக்கு விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா அதே தாளில் கணக்குப் போட்டார். ஒரு சென்டிமீட்டர் மணி இரண்டு மீட்டர் ஆக வேண்டும், 200 மடங்கு. நீளம், அகலம், உயரம் மூன்றும் அப்படி வளர்ந்தால் எடை 200 × 200 × 200, அதாவது 80 லட்சம் மடங்கு. ஒரு கிராம் எட்டு டன் ஆகிறது. சுவர் ஆறு சென்டிமீட்டர் தடிமன்.

"எட்டு டன் வெள்ளிக்கு அந்தப் பள்ளிக்கூடத்தையே வித்தாலும் பத்தாது" என்றார்.

சத்தம் இன்னும் மோசம். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் அதிர்வு அதே விகிதத்தில் இறங்கும். நொடிக்கு 4,000 தடவை அதிர்ந்து ஜல் என்கிற மணி, 200 மடங்கு பெரிதானால் 20 தடவைதான் அதிரும். அதற்குக் கீழே மனிதக் காதுக்கு எட்டாது. அப்படியே பெரிதாக்கினால் சலங்கை ஊமையாகிவிடும்.

பிப்ரவரி 3, செவ்வாய் – சங்ககிரி, திருச்செங்கோடு

லாட்ஜில் சுடுதண்ணீர் ஆறு மணிக்கு வரும் என்றார்கள். ஏழரைக்கு வந்தது, அதுவும் துருவோடு. குளிக்காமலே கிளம்பினோம்.

சேலத்தை விட்டு வெளியே வந்தால் கஞ்சமலை. இரும்புத் தாது மலை. பக்கத்திலேயே சேலம் உருக்காலை. எவர்சில்வர் தகட்டுச் சுருள் வருகிற அந்த ஆலையில் நாணயத்துக்கான வில்லையும் வெட்டுகிறார்கள் என்பது சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அச்சுக் குத்துவது அரசு நாணயச் சாலையில், வெறும் வில்லை இங்கிருந்து. ரயில் பெட்டிக்குப் போகிற உலோகமும் என் பர்ஸில் கிடக்கிற சில்லறையும் கிட்டத்தட்ட சொந்தக்காரர்கள்.

திருச்செங்கோட்டில் வெயில் ஏறிவிட்டது. போர்வெல் ரிக் வண்டிகளுக்குப் பேர் போன ஊர், ஆப்பிரிக்கா வரைக்கும் இங்கிருந்து போகிறது. சாலையோரம் நின்றே பார்த்தோம். எல்லாமே பிரம்மாண்டம், ஆனால் வேலைக்காரர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தது ஒரு சின்ன வாஷருக்காக.

நாமக்கல் சாலையில் ஒரு பட்டறையில் கேஸ் டேங்கரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். தொட்டியின் ஒரு பக்கத்து மூடி தனியாகத் தரையில் கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா அதன்மேல் சாய்ந்து டீ குடித்தார். நான் டீயில் இருந்த ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ பன்னிரண்டு ரூபாய்.

பிப்ரவரி 4, புதன் – கொடுமணல்

ஈரோட்டில் தங்கி, சென்னிமலை போய், அங்கிருந்து கொடுமணல். டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் இல்லை, சித்தப்பாவுக்கு உண்டு. கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, செலவு வைப்பதற்காகவே நான் கூட்டிவந்த மாதிரி சித்தப்பா என்னை முறைத்தார்.

நொய்யல் வடகரையில் இருக்கிற இந்த ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், கண்ணுக்கு அதிகம் இல்லை. அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். வயலுக்கு நடுவே கல்வட்டங்கள், நட்டுவைத்த நெடுங்கல், வேலிமுள். நொய்யலோ சாயப்பட்டறைக் கழிவைச் சுமந்து சுமந்து பேரைக் கெடுத்துக்கொண்ட ஆறு. ஆனால் 1980-களில் தொடங்கிய அகழாய்வுகளில் இந்த மண்ணிலிருந்து இரும்பு உருக்கிய உலைகள் வந்தன, மணிக்கல் அறுத்துத் துளையிட்ட பட்டறைகளின் தடயம் வந்தது, தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகள் வந்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்கிறார்கள்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பும் ஒரே ஊரில் இரண்டு அளவு வேலையும் நடந்திருக்கிறது. ஒரு பக்கம் இரும்பு உருக்கும் உலை, இன்னொரு பக்கம் நூல் நுழையும் துளையை மணியில் போட்டுக்கொண்டிருந்தவர்.

இங்கே ஓர் ஈமச்சின்னத்தில் வெண்கலப் புலி ஒன்று கிடைத்தது. உடம்பில் சிவப்பு மணிக்கல்லும் நீலக்கல்லும் பதித்தது. படத்தில்தான் பார்த்திருக்கிறேன். முதலில் பார்த்தபோது ஆளுயரச் சிலை என்றே நினைத்தேன். உண்மையில் கையில் எடுத்துவிடுகிற பொம்மை. படத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அந்தப் புலியைச் செய்தவன் அதன் தோளை அகட்டி, காலைத் தடியாக்கி, தேவையில்லாததை விட்டுவிட்டான். பெரிய பொருளுக்கு உள்ள கம்பீரம் கையளவில் வந்துவிட்டது. நம் ஊர் ரவுண்டானாக்களில் இருபதடிக்கு நிற்கும் ஃபைபர் சிலைகள் பலவற்றில் இது தலைகீழாக நடக்கிறது. எவ்வளவு உயரம் ஏறினாலும் கொலுப் படியிலிருந்து இறங்கி வந்ததாகவே தெரிகிறது. பெயிண்ட் வேறு இரண்டு மழையில் வெளுத்துவிடுகிறது.

வரப்போரம் கருப்பாக ஒரு கட்டி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். கண்ணாடிப் பளபளப்பு, குமிழ் குமிழாக ஓட்டை, அளவுக்கு மீறிய கனம். இரும்புக் கசடு. "அது கெடந்த எடத்துலயே இருக்கட்டுமுங்க அம்மிணி. ஆளாளுக்கு எடுத்துட்டுப் போனா நாளைக்கு வர்றவீகளுக்கு என்னத்தக் காட்டறது?" என்று பின்னாலிருந்து குரல். காட்டுக்காரர். வைத்துவிட்டேன்.

வைத்ததற்குப் பரிசாக வீட்டுக்குக் கூட்டிப்போனார். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள ஊறுகாயும் கட்டித் தயிரும். சித்தப்பா மூன்றாம் முறை வாங்கிக்கொண்டார். "பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்குதுங்க" என்று அந்த வீட்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததில் பஸ் போய்விட்டது. அப்புறம் காட்டுக்காரர் தன் டிவிஎஸ்ஸில் சித்தப்பாவை ஒரு நடை, என்னை ஒரு நடை கொண்டுபோய் மெயின் ரோட்டில் விட்டார். பெட்ரோலுக்குக் காசு நீட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. "சாப்பாடு போட்டுட்டுக் காசு வாங்குவாங்களாங்க?" சாப்பாட்டுக்கு இல்லை, பெட்ரோலுக்கு என்று சொல்லியும் பயனில்லை.

பிப்ரவரி 5, வியாழன் – அனுப்பர்பாளையம்

திருப்பூர் என்றால் எல்லோரும் பனியன் என்பார்கள். அனுப்பர்பாளையத்தில் இறங்கினால் சத்தம் வேறு. பாத்திரப் பட்டறைகள். பித்தளை, செம்பு, எவர்சில்வர். தெருவில் அண்டா காய்கிறது, குடம் உருள்கிறது.

ஒரு பட்டறையில் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார்ந்துவிட்டோம். லேத்தில் ஒரு மரக்கட்டை அச்சு, அதன்மேல் வட்டத் தகடு. லேத் சுழல, நீளமான இரும்புக் கம்பை அக்குளில் இடுக்கி, உடம்பு முழுவதையும் சாய்த்துத் தகட்டை அச்சின்மேல் படியவைக்கிறார் பட்டறைக்காரர். கையால் தள்ளுவது இல்லை, இடுப்பால் தள்ளுவது. தகடு முதலில் தட்டாகிறது, அடுத்து போசியாகிறது. அவசரப்பட்டால் விளிம்பு சுருங்கி மடிந்துவிடும். ஒன்று அப்படிப் போனது. நாங்கள் பேச்சுக் கொடுத்ததால்தான்.

அடித்து அடித்து இறுகிய பித்தளையை நடுவில் தீயில் காய்ச்சி ஆறவிட்டு, மறுபடி அடிக்கிறார்கள். காய்ச்சாமல் அடித்தால் வெடித்துவிடும். பழைய தவலை ஒன்றைக் கவிழ்த்து அதன் இடுப்பைக் காட்டினார். பல் பல்லாக வெட்டி, ஒன்றின் பல்லை இன்னொன்றின் இடுக்கில் கோத்துப் பற்றவைத்த கோடு. ஒரே தகட்டில் இழுக்க முடியாத அளவு வந்தால் அடி தனி, தோள் தனி, கழுத்து தனி. "ஒரு அளவுக்கு மேல போனா பாத்திரம் பண்றதில்லீங்க. துண்டு துண்டாப் பண்ணி ஒண்ணாச் சேக்கறோம்" என்றார்.

முன்னறையில் சொப்புச் சாமான் இருந்தது. குட்டி அடுப்பு, குட்டிக் குடம், கரண்டி, இட்லிப் பானை. பெரியவர்களுக்கு அண்டா செய்கிற பட்டறையிலேயே குழந்தைக்கும் செய்கிறார்கள். விலை கேட்டேன். ஒரு செட் 850 ரூபாய். அதே எடைப் பித்தளையில் ஒரு சொம்பு வாங்கினால் அதில் பாதிகூட ஆகாது. காரணம் கூலி. இங்கே பெரிய பாத்திரத்துக்குக் கூலி கிலோ கணக்கு, சொப்புக்கு மட்டும் உருப்படிக் கணக்காம். குட்டிக் குடத்துக்கும் அடி, தோள், கழுத்து எல்லாம் உண்டே. எடை குறைகிற வேகத்தில் வேலை குறைவதில்லை. சேலத்து அக்கா சொன்னதும் இதுதான்.

சுபோத் குப்தா இப்படிப்பட்ட எவர்சில்வர் பாத்திரங்களைக் கொண்டுதான் பெரிய சிற்பங்கள் செய்கிறார். 2008-இல் அவர் செய்தது அணுகுண்டு வெடித்து எழும் புகைமேகம். கிட்டே போனால் டிபன் தூக்கும் தட்டும் கிண்ணமும், தள்ளி நின்றால் அழிவு. டெல்லியில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபோனில் படத்தைக் காட்டியதும் பட்டறைக்காரர் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இத்தன ஏனத்தையும் யாருங்க கழுவுவாங்க?" என்றார்.

சலங்கை விஷயத்தைச் சொன்னேன். தாளிலிருந்து வெள்ளி மணியை எடுத்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "இது ரெண்டு கிண்ணந்தானுங்க." அரையடி, ஓரடி என்றால் அவரே லேத்தில் இழுத்துவிடுவாராம். ஆறரை அடிக்கு அவ்வளவு பெரிய அச்சும் கிடையாது, அதைத் தள்ளுகிற இடுப்பும் கிடையாது.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் பள்ளிபாளையம் சிக்கன், 160 ரூபாய். தேங்காய்ப் பல்லும் வரமிளகாயும் மட்டும். மசாலா எதுவும் இல்லாமல் இவ்வளவு காரம் எங்கிருந்து வந்தது என்று சித்தப்பா சாயங்காலம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டு விசாரித்தார்.

பிப்ரவரி 6, வெள்ளி – கோவை

கோவையில் காலை குளிர், பதினொன்றுக்கு மேல் சுள்ளென்ற வெயில். பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று இந்த ஊர் எதைச் செய்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பவுண்டரி இருக்கும். பவுண்டரிக்குப் பின்னால் பேட்டர்ன் செய்கிறவர் இருப்பார். உலோகம் ஊற்றுவதற்கு முன் அதே வடிவத்தில் மரத்தில் செய்து, அதை மணலில் பதித்து எடுத்தால்தான் அச்சு.

கணபதி பக்கம் ஒரு சந்தில் அப்படி ஒரு பெரியவர். மேஜையில் இரண்டு இரும்பு அளவுகோல். இரண்டிலும் ஓரடி என்று போட்டிருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று நீளம்.

"இது பொய் சொல்ற ஸ்கேலுங்க" என்றார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்பு அடிக்கு அரைக்கால் அங்குலம், அதாவது ஒரு சதவீதம். அலுமினியம் கொஞ்சம் கூட. பித்தளை ஒன்றரை சதவீதம். எஃகு இரண்டு சதவீதம். சுருங்கப் போவதை முன்கூட்டியே சேர்த்துவைத்த அடிக்கோல் அது. அதில் ஓரடி அளந்து மரத்தைச் செதுக்கினால், வார்த்து வரும்போது நிஜமான ஓரடி இருக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு ஸ்கேல். சித்தப்பா நாற்பது வருஷ ஃபிட்டர், இதைக் கேள்விப்பட்டிருக்கிறார், கையில் பிடித்ததில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மனமில்லாமல் கொடுத்தார்.

சின்னப் பொருளில் ஒன்றரை சதவீதத்தை அரத்தால் ராவிச் சரிசெய்துவிடலாம். ஆறரை அடியில் அது மூன்று சென்டிமீட்டர். இரண்டு பாதிகளும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் வாய் பொருந்தாது.

"வார்க்கலாமுங்க, முடியாதுன்னு இல்ல. ஆனா மெல்லிசா வராது. அத்தன தூரம் ஓடறதுக்குள்ள உலோகம் பாதியில உறஞ்சு போயிரும். ஒரு சென்டிமீட்டராவது வெக்கோணும். பித்தளையில ஒரு டன்னுக்கு மேல போயிரும். அப்புறம் ஒரு நா ராத்திரி லாரி கொண்டாந்து தூக்கிட்டுப் போயிருவானுங்க." பழைய இரும்புக் கடைகள் உள்ள ஊரில் பித்தளைச் சிலை வைப்பதன் சிக்கலை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டு மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டில், உள்ளே எலும்புக்கூடு கொடுத்துச் செய்தால் தகடு மட்டும் 200 கிலோவில் முடியும். நியூயார்க்கின் சுதந்திர தேவி அப்படித்தான். 46 மீட்டர் உயரச் சிலைக்குச் செம்புத் தகடு இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. நிற்க வைப்பது உள்ளே ஈபெல் வடிவமைத்த இரும்புச் சட்டம். ஆனால் உள்ளே குண்டு போட்டு ஆட்டினால் தகரச் சத்தம்தான் வரும். பெரியவர் முகத்தைச் சுளித்தார். தட்டினால் அசையாத சுவர் வேண்டும், ஆனால் வார்ப்பும் வேண்டாம் என்றால் அழுத்தித்தான் எடுக்க வேண்டும் என்றார். "பாய்லருக்கு மூடி போடறாங்கல்ல, அந்த மாதிரி."

சித்தப்பா என்னைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை அவர் சாய்ந்துகொண்டு டீ குடித்த டேங்கர் மூடி! இரண்டு மீட்டருக்குக் குறையாது, அரை உருண்டை, விரல் தடிமன். சேலத்து அக்கா ஒரு தட்டில் செய்த அதே கிண்ணம், அங்கே ராட்சத பிரஸ்ஸில். நான் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"டிஷ் எண்ட்" என்றார் சித்தப்பா. "துவாக்குடியில பாய்லர் வேலை செய்யற பட்டறை அத்தனையிலும் கெடைக்கும். நம்ம வீட்லேருந்து அரை மணி நேரம்."

இதைத் திருச்சியிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். நீ கேட்கவில்லையே என்றார். ராத்திரி தள்ளுவண்டிக் காளான், ஐம்பது ரூபாய், அவர் செலவு.

பிப்ரவரி 7, சனி – வெள்ளியங்கிரி அடிவாரம்

ஆதியோகி சிவன் சிலையைப் பார்க்காமல் ஊருக்கு வந்தால் சித்தி கேட்பாள் என்றார் சித்தப்பா. சனிக்கிழமைக் கூட்டத்தில் நின்றபடி பயணம். நகரம் முடிந்து பாக்கும் தென்னையும் வந்ததும் காற்று மாறுகிறது.

112 அடி. 2017 பிப்ரவரி 24 அன்று திறந்தார்கள். 500 டன் எஃகு. மார்பளவுச் சிலைகளில் உலகிலேயே பெரியது என்று கின்னஸ் பதிவு. கல்லோ கான்கிரீட்டோ இல்லை, எஃகுத் துண்டுகளை இணைத்தது என்பதற்காகவே எனக்கு இது முக்கியம். பக்தி பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வெல்டிங் பற்றிக் கேளுங்கள்.

தூரத்தில், தென்னந்தோப்புக்கு மேலே முகம் மட்டும் தெரிகிறபோது சொக்கிப்போனேன். பின்னால் மலை இருக்கிறது, அதனால் சிலை தன் அளவைக் காட்டிக்கொள்வதில்லை. கிட்டே போகப் போக, துண்டுகள் சேரும் கோடுகள் தெரிந்தன. எனக்குப் பிடித்தது அதுதான். சவரம் செய்த கன்னம் மாதிரி இழைத்து மறைக்காமல் விட்டிருக்கிறார்கள். இன்னும் கிட்டே போனால் முகமே போய்விடுகிறது, தாடையும் கழுத்துப் பாம்பும்தான். கொடுமணல் புலியைக் கையில் வைத்துத் திருப்பினால் முழுதாகப் பார்த்துவிடலாம். இதை முழுதாகப் பார்க்க முந்நூறு அடி பின்னால் நடக்க வேண்டும். அந்தத் தூரமும் சிற்பத்தில் சேர்த்திதான், சிற்பி அதற்கும் இடம் வாங்கியிருக்க வேண்டும். எங்கள் பள்ளி முக்கில் பின்னால் நடந்தால் பஸ் மோதும்.

சாயங்கால ஒளிக்காட்சிக்கு நிற்காமல் திரும்பினோம். எனக்குக் கால் வலி, சித்தப்பாவுக்கு பஸ் பயம். வழியில் இளநீர் ஐம்பது ரூபாய். தோப்புக்கு நடுவே நின்று இந்த விலையா என்று கேட்டதற்கு, "மரத்துக்கு ஏறிப் பறிச்சுக்கிட்டா சும்மாவேங்க" என்றார் கடைக்காரர்.

பிப்ரவரி 8, ஞாயிறு – குறிச்சிக் குளம்

ரயிலுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் இருந்தது. உக்கடம் தாண்டி குறிச்சிக் குளக்கரையில் திருவள்ளுவர் சிலை. உலோகத் தமிழ் எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்தே வள்ளுவரை எழுப்பியிருக்கிறார்கள். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே வானம் தெரிகிறது. காற்று உள்ளே புகுந்து வெளியே போவதால் தகட்டுச் சிலை அளவுக்குக் காற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு சிறுமி தன் பேரின் எழுத்துகளைத் தாடியில் தேடிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்புச்சி தோளில் தூக்கிக் காட்டினார். ஓர் எழுத்து கிடைத்தது, இன்னொன்று வேண்டும் என்று அடம். முந்நூறு அடி பின்னால் போக வேண்டாத சிற்பம். கிட்டே வந்தவர்களுக்கும் செய்ய ஒரு வேலை வைத்திருக்கிறது. ஆறரை அடி உருண்டையை வழவழவென்று விட்டுவிட்டால் கிட்டே வருகிற பிள்ளைகள் அதில் என்ன செய்வார்கள்? போஸ்டர் ஒட்டுவார்கள்.

அங்கேயே உட்கார்ந்து பழைய மாணவிகள் சங்கத்துச் செயலாளர் அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். இரண்டு அரை உருண்டை, பத்து மில்லிமீட்டர் எஃகு, ஒரு டன் கனம், வாய் கீறி வெல்டிங் என்று சொன்னேன். ஜல்ஜல் என்று வராது, உள்ளே குண்டு உருண்டால் கோயில் மணியைவிடக் கீழே ஒரு குரல் வரும் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"சத்தம் எப்படியோ இருக்கட்டும்மா. மேலே எங்க எல்லார் பேரையும் வெட்ட முடியுமா?"

"எத்தனை பேர்?"

"ஆயிரத்து இருநூறு இருக்கும்."

சித்தப்பா அதற்குள் தட்டுவடைத் தாளின் பின்பக்கத்தில் கணக்கு ஆரம்பித்துவிட்டார். பரப்பு பன்னிரண்டரை சதுர மீட்டர். ஆளுக்கு ஓர் உள்ளங்கை இடம். அங்குல எழுத்து என்றால் பத்தடியிலிருந்து நன்றாகப் படிக்கலாம்.

"இனிஷியலோடவா, இல்லாமலா?" என்று கேட்டேன். குழுவில் கேட்டுச் சொல்வதாக வைத்தார். ரயில் கரூர் தாண்டுவதற்குள் அந்த வாட்ஸ்அப் குழுவில் புருஷன் இனிஷியலா, அப்பா இனிஷியலா என்று 94 செய்தி வந்திருந்தது.